கழலாத போல்ட்டு

சென்னையினின்றும் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையிலே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்தது நெமிலிச்சேரி நிலையம். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை 2014ஆம் ஆண்டில் இவ்வூர் வரையிலும், 2021ஆம் ஆண்டில் இங்கிருந்து மீஞ்சூர் வரையிலும் திறக்கப்பட்டமையால், கார்களும் லாரிகளும் இவ்வழியே ஓயாது செல்கின்றன. வண்டிகள் மலிந்த இடத்தில் பட்டறைகள் தோன்றுதல் இயல்பு. அத்தகைய பட்டறை ஒன்றில், சென்ற கோடை விடுமுறையில், ஒரு பகல் முழுவதும் யாம் ஒரு போல்ட்டின் முன் அமர்ந்திருந்தோம். தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு ஆங்கு என்ன வேலை என்று நண்பர் வினவலாம். டார்ச்சு விளக்குப் பிடித்தலே எம் வேலை. எனினும், விளக்குப் பிடிப்பார்க்குக் கண் இரண்டும் ஓய்வாக இருத்தலின், ஸ்பானர் பிடிப்பாரினும் பல செய்திகளைக் காண இயலும் என்பதை அன்று அறிந்தோம்.

வண்டி எம் சிற்றப்பாவினுடையது. பழைய சிறு கார். அதனை வாடகைக்கு ஓட்டியே அவர் குடும்பம் நடத்துகின்றார். கையிரண்டாக வாங்கிய அவ்வண்டியின் பழைய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தபொழுது, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு அடையாளம் ஒன்றும் காணப்படவில்லை. குறித்த தூரமோ கடந்துவிட்டது. மறுநாள் விடியலில் அடுத்த தெருவிலுள்ள மூதாட்டி ஒருவரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்திருந்தார். ஆதலின் முதல் நாட் காலையிலேயே வண்டியைப் பட்டறையிற் சேர்த்தார். "பிற்பகலுக்குள் முடிந்துவிடும்," என்றார் மேஸ்திரியார்.

டைமிங் பெல்ட் யாது செய்கின்றது என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். காரின் இயந்திரத்துள் இரு தண்டுகள் சுழல்கின்றன. பிஸ்டன்களின் ஏற்றிறக்கத்தால் சுழல்வது கீழ்த்தண்டாகிய கிராங்க். வால்வுகளைக் காலமறிந்து திறந்து மூடுவிப்பது மேற்றண்டாகிய கேம். கிராங்க் இரு முறை சுழலுங்கால் கேம் ஒரு முறை சுழலுதல் வேண்டும். அதனால் மேற்சக்கரத்திற்குக் கீழ்ச்சக்கரத்தினும் இருமடங்கு பற்கள். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். இவ்விரு தண்டுகளையும் இணைப்பது உட்புறத்தே பல்வரிசை உடைய ஒரு ரப்பர் வாரேயாகும். கண்ணாடி இழைகளைச் சரடாக உள்ளே வைத்து, பல்லின்மீது நைலான் துணி போர்த்திச் செய்யப்பட்டது அது. பல வண்டிகளில் வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றே. இரண்டும் வேறு வேறு பொழுதில் அங்கே வருதலால் மோதுவதில்லை. அவ்வார் அறுமாயின் கேம் நின்றுவிடும். பிஸ்டனோ நில்லாது ஏறிவந்து, திறந்தபடி நிற்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். அதன்பின் செய்ய வேண்டிய பழுதின் செலவு, பழைய வண்டியின் விலையையே எட்டிவிடுதலும் உண்டு.

பண்டை வண்டிகளில் இவ்வேலையைச் சங்கிலியே செய்தது. நம் நாட்டு அம்பாசிடரும் சங்கிலி வண்டியே. பற்களையுடைய ரப்பர் வார் 1940களில் அமெரிக்காவிற் பிறந்தது. 1962ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் காரில் ஏறிற்று. நம் நாட்டிலே மாருதி 800 வண்டியும், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிற் செய்யப்பட்ட சான்ட்ரோவும் இதனைக் கொண்டவையே. அண்மைக்கால வண்டிகள் பல மீண்டும் சங்கிலிக்கே திரும்பிவிட்டன. ஆயினும் வார் பூண்ட பழைய வண்டிகள் எம் சிற்றப்பா போல்வாரிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனிப் போல்ட்டுக்கு வருவோம். வாரினைக் கழற்ற வேண்டுமாயின் அதனை மூடியுள்ள கீழ்மூடியைக் கழற்றல் வேண்டும். அம்மூடிக்கு முன்னே கிராங்க் தண்டின் நுனியில் ஒரு கப்பிச்சக்கரம் நிற்கின்றது. அச்சக்கரத்தை நடுவே பிணித்திருப்பது ஒரே ஒரு பெரிய போல்ட்டு. வலப்பக்கத்து முன்சக்கரத்தையும் அதன் உள்தகட்டையும் எடுத்தபின், குகைக்குள் தெரியும் விளக்குப்போல அதன் தலை தெரிந்தது. வண்டியின் கைநூல் இப்போல்ட்டை 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குமாறு விதிக்கின்றது. அஃதாவது, அரை மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் ஏறத்தாழ 28 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டாற்போன்ற வலிமை. கழற்றுதற்கும் அதுவே போதும் என்று யாம் எண்ணினோம். மேஸ்திரியார் நகைத்தார்.

போல்ட்டின் உடலைச் சுற்றிச் செல்லும் வரியைப் பட்டறையார் 'மரை' என்பர். அறிவு பிறழ்ந்தவனை 'மரை கழன்றவன்' என்று நம்மவர் ஏசுவதும் இச்சொல்லினின்றே. நூலோர் அதனைப் 'புரி' என்பர். மரை என்பது கயிறுபோல் முறுக்கிச் சுற்றிய ஒரு சாய்தளமே. இறுக்குங்கால் தலை தன் இடத்தில் ஊன்றிக்கொள்ள, மரை உடலை உள்ளே இழுக்க, போல்ட்டின் உடல் மயிரிழையளவு நீள்கின்றது. நீண்ட உருக்கு மீண்டும் சுருங்க முயல்கின்றது. அவ்விழுவிசையே சக்கரத்தைத் தண்டோடு பிணிக்கின்றது. இதில் வியப்பு யாதெனின், நாம் செலுத்தும் முயற்சியிற் பத்தில் ஒரு பங்கே இவ்வாறு பயன்படுகின்றது. பாதியளவு தலையின் அடியில் உராய்விற் கழிகின்றது. எஞ்சிய நான்கு பங்கு மரைகளின் உராய்விற் கழிகின்றது. கழற்றுங்கால் அப்பத்திலொரு பங்கு நமக்குத் துணையாகத் திரும்புகின்றது. ஆதலின் புதிதாய் இறுக்கிய போல்ட்டைக் கழற்ற, இறுக்கியதினும் சிறிது குறைந்த முயற்சியே போதும்.

பழைய போல்ட்டின் செய்தியோ வேறு. மரையின் ஒரு பக்கம் அழுந்தியிருக்க, மறுபக்கத்தில் மயிரிழை இடைவெளி ஒன்று உண்டு. ஈரம் அங்கே புகுந்தால் இரும்பு துருவாகின்றது. துரு, தான் தின்ற இரும்பினும் இருமடங்குக்குக் குறையாத இடத்தை அடைத்துக்கொள்வது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் பெய்த பெருமழையில், எம் தெருவில் முழங்காலளவு நின்ற நீரில் இவ்வண்டி இரண்டு நாள் நின்றது. அதற்கும் முன்னே, பெயர் கூற வேண்டாத ஏதோ ஒரு பட்டறையில், அளவு பாராமல் காற்றுத் துப்பாக்கியால் இதனை இறுக்கியிருக்கின்றார்கள் என்பது தலையின் விளிம்பிலிருந்த வடுக்களாற் புலனாயிற்று. மேஸ்திரியாரின் கணிப்புப்படி இருமடங்கு, அஃதாவது 300 நியூட்டன் மீட்டராவது வேண்டும்.

முற்பகல் முழுதும் முயற்சிகள் நடந்தன. துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருந்தோம். அது நுண்புழையால் உள்ளே ஏறும் தன்மையது. ஆனால் இவ்வகைப் போல்ட்டின் தலை சமனாக அழுந்தியிருத்தலின் ஏறுதற்கு வாயில் இல்லை. தலையின் நடுவே உளிமுனை வைத்துச் சுத்தியலால் நான்கு அடி கொடுத்தார். அதிர்ச்சியால் துருப்படலம் பிளத்தல் உண்டாம். பின்பு, கழற்றும் பக்கமின்றி இறுக்கும் பக்கமாகவே சிறிது திருப்பிப் பார்த்தார்; இதுவும் துருவை உடைக்கும் ஒரு வழி. காற்றுத் துப்பாக்கியும் வந்தது. அதன் பலம் அடுத்தடுத்து விழும் சிறு அடிகளில் உள்ளது. வண்டியின் உட்புறத்தை எட்டுதற்காக நீண்ட இணைப்புத் தண்டை மாட்டியபொழுது, அத்தண்டே சுருள்வில் போல முறுகி அடிகளை விழுங்கிவிட்டது. இவ்வேலைக்கென்றே கனமான குட்டைச் சாக்கெட்டுகள் விற்கப்படுகின்றன என்றும், கனம் மிகுந்த சாக்கெட்டு அடியைச் சிதறாமற் கொண்டு சேர்க்கும் என்றும் அவர் கூறினார். அன்று எம்மிடம் அது இல்லை.

"நெருப்பு வைத்தால் என்ன?" என்று வினவினார் சிற்றப்பா. அவ்வினாவுக்கு மேஸ்திரியார் தந்த விடை எம் நினைவில் நிற்கின்றது. அலுமினியத்தில் அகப்பட்ட உருக்குப் போல்ட்டுக்கு வெப்பம் நன்மருந்து. அலுமினியம் உருக்கினும் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளரும். இங்கோ போல்ட்டும் உருக்கு, தண்டும் உருக்கு. இரண்டும் ஒத்து விரியும். மேலும் அருகிலேயே எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம் உள்ளது. அது கருகினால் புதிய வாரின்மேல் எண்ணெய் கசியும். மரையில் பசை இடப்பட்டிருந்தால் மட்டும் வெப்பத்தால் பயன் உண்டு. அப்பசையைக் கண்டவர் பட்டறையார் அல்லர், ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்து மகிழ்ந்தோம். அமெரிக்காவில் ஹார்ட்போர்ட் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் கற்பித்த வெர்னான் கிரீபிள் என்பார் 1953ஆம் ஆண்டில் அதனைச் செய்தார். காற்றுப்படுமிடத்தில் நீர்மமாகவே இருந்து, காற்றற்ற மரையிடுக்கில் உலோகத்தைத் தொட்டவுடன் இறுகும் அப்பசையே லாக்டைட் என்னும் பெயரால் வழங்குவது. எம் போல்ட்டில் அது இருந்ததற்கு அடையாளம் இல்லை.

மற்றொரு குறுக்கு வழியும் பேசப்பட்டது. நீண்ட கம்பியைப் போல்ட்டில் மாட்டி, அதன் மறுமுனையைத் தரையில் ஊன்றி, ஸ்டார்ட்டரை ஒரு கணம் முடுக்கினால், இயந்திரமே தன் போல்ட்டைக் கழற்றிக்கொள்ளும். பலர் இதனைச் செய்கின்றனர். ஆனால் கம்பி நழுவினால் எங்கே பறந்து யார்மீது விழும் என்று சொல்லற்கில்லை. அன்றியும் இவ்வழி, இயந்திரம் வலமாகச் சுழல்வதாயின் மட்டுமே பலிக்கும். ஹோண்டாவின் பழைய இயந்திரங்கள் இடமாகச் சுழல்பவை. அவற்றில் இதனைச் செய்தால் போல்ட்டு மேலும் இறுகும். வலம், இடம் என்பனவும் எந்த முனையினின்று நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தவையே. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கினை விலங்கு நூலார் இடப்புறச் சுழலுடையதாகவே வகுக்கின்றனர். சங்கு ஒன்றே, நோக்கும் முனைதான் வேறு. கார் இயந்திரத்தைக் கப்பிச்சக்கரம் இருக்கும் முனையினின்று நோக்கியே வலம் இடம் கூறுதல் மரபு. ஸ்டார்ட்டர் வழியை மேஸ்திரியார் ஒப்பவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு, நான்கடி நீள இரும்புக் குழாயைக் கம்பியிற் செருகினர். போல்ட்டைத் திருப்பினால் கிராங்க் தண்டும் உடன் திரும்புமாதலின், தண்டை அசையாமற் பிடித்தல் வேண்டும். அதற்கு எளிய வழி, கியரைப் போட்டுப் பிரேக்கை மிதித்தலாம். அதிலும் முதற்கியர் தகாது, ஐந்தாங்கியரே தகுவது. முதற்கியரில் கிராங்கின் முறுக்கு சக்கரத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேலும் பெருகும். ஐந்தாவதில் மூன்று நான்கு மடங்கோடு நிற்கும். பிரேக்கிற்குச் சுமை குறைவு. சிற்றப்பா உள்ளே அமர்ந்து மிதித்தார். மேஸ்திரியாரும் அவர் கையாளும் குழாயை இழுத்தனர். குழாய் மெல்ல இறங்கிற்று. கால் சுற்று வந்துவிட்டது! "கழன்றது!" என்று உள்ளிருந்து கூவினார் சிற்றப்பா. யாமும் விளக்கை அசைத்து ஆரவாரித்தோம். மேஸ்திரியார் மட்டும் ஒன்றும் பேசாமல், "தம்பி, அந்தச் சாக்குக் கட்டியை எடு," என்றார். போல்ட்டின் தலையினின்று சக்கரத்தின்மீது செல்லுமாறு ஒரே கோடு கிழித்தார். மீண்டும் இழுத்தனர், மீண்டும் குழாய் இறங்கிற்று. விளக்கை அருகே கொண்டு சென்று நோக்கினோம். கோடு முறியவேயில்லை. போல்ட்டும் சக்கரமும் தண்டும் ஒன்றாகவே திரும்பியிருந்தன.

கியரும் பிரேக்கும் பிடித்திருக்க, தண்டு எவ்வாறு திரும்பிற்று? விடை கிளச்சில் இருந்தது. கிளச்சு என்பது இயந்திரத்தின் ஆற்றலைக் கியருக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு. இச்சிறு காரின் இயந்திரம் தன் முழு வலிமையிலும் 90 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காது. அதனைக் கடத்துதற்கு அமைந்த கிளச்சு, சற்று மிகுதியாகவே செய்யப்படும். இருமடங்கு என்று தாராளமாகக் கொண்டாலும் 180தான். நாங்களோ 300 வேண்டினோம். போல்ட்டு தளருமுன்னே கிளச்சு வழுக்குவது உறுதி. காலைமுதல் குழாயை நீட்டி நீட்டி யாம் சேர்த்த வலிமையெல்லாம், போல்ட்டைச் சேராமல், கண்ணுக்குத் தெரியாத அத்தட்டிற் சென்று தேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டடி குழாயை நீட்டியிருப்பினும் அங்கேதான் சென்றிருக்கும்.

சிற்றப்பா வெளியே வந்து வியர்வையைத் துடைத்தார். "எல்லாவற்றையும் பழையபடி பூட்டிவிடுங்கள், மேஸ்திரி. நாளைக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம். இத்தனை நாள் ஓடியது, இன்னும் ஒரு நாள் ஓடாதா?" என்றார். எமக்கும் அது நியாயமாகவே தோன்றிற்று. மேஸ்திரியார் மறுத்து ஒன்றும் கூறவில்லை. வாரின் மேல்மூடிக்குப் போல்ட்டின் தயவு வேண்டியதில்லை. நான்கு சிறு திருகுகளை எடுத்து அதனை அகற்றினார். தண்டு இடமாகத் திரும்பியதனால் வார் ஒரு பல் தாவியிருக்கக்கூடும் என்று முதலில் குறிகளை ஒப்பிட்டார். கீழ்ச்சக்கரத்தில் 20 பல் இருப்பின், ஒரு பல் பிறழ்ந்தால் 18 பாகை பிறழும். இயந்திரம் அதனைப் பொறாது. குறிகள் பொருந்தியே இருந்தன. பின்பு வாரினை விரலால் மடக்கி, விளக்கைக் காட்டுமாறு எமக்குச் சொன்னார். பல்லின் வேர்தோறும் குறுக்கே வெடிப்புகள். ஓரிடத்தில் ஓரம் பிய்ந்து கண்ணாடி இழைகள் மயிர்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சிற்றப்பா அதனை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாயிற்பக்கம் சென்று, இரவு ஒன்பதுக்குள் தாம் அழைக்காவிடில் வேறு வண்டி பார்த்துக்கொள்ளுமாறு அம்மூதாட்டியின் மகனுக்குத் தொலைபேசியிற் கூறினார். ஒரு நாள் வாடகை அவருக்குச் சிறிய தொகையன்று.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றே: கிளச்சுக்கு முன்னேயே தண்டைப் பிடித்தல். கிராங்கின் மறுமுனையில் நேரே பிணிக்கப்பட்டிருப்பது பிளைவீல் என்னும் கனத்த சக்கரம்; அதன் விளிம்பைச் சுற்றி ஸ்டார்ட்டர் கடித்துச் சுழற்றுதற்கான உருக்குப் பற்கள் உண்டு. ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அப்பற்கள் வெளிப்படும். அங்கே ஒரு பூட்டு இட்டால் தண்டு அசையாது. ஸ்குரூ டிரைவரைச் செருகிப் பூட்டுவாரும் உளர். ஆனால் பிளைவீலின் ஆரம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்; தண்டில் 300 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் பல்லின்மேல் 230 கிலோவுக்குக் குறையாத பாரம் விழும். வழுக்கினால் பல் முறியும், அல்லது ஓடு வெடிக்கும். மேஸ்திரியார் அடுத்திருந்த லேத் பட்டறைக்குச் சென்று, தடித்த பட்டை இரும்பு ஒன்றில் இரு பற்கள் வெட்டி, ஸ்டார்ட்டரின் துளைகளுக்கே பொருந்துமாறு இரு துளையிட்டு வந்தார். அதற்கு ஒன்றரை மணி நேரம் சென்றது. அவ்வொன்றரை மணி நேரமே அன்றைய நாளின் பயனுள்ள பொழுது.

பூட்டினை முடுக்கியபின், இணைப்புத் தண்டின் நுனி சாய்ந்து விசை வீணாகாதிருக்க, அதன் கீழே ஒரு தாங்கியை வைத்தார். ஆறு முகம் கொண்ட சாக்கெட்டையே மாட்டினார். பன்னிரு முகச் சாக்கெட்டு மூலைகளை மட்டும் பற்றுவதால் தலையை உருட்டிவிடும். வண்டி ஜாக்கியின்மேல் இல்லாமல் தாங்கிகளின்மேல் உறுதியாக நிற்கின்றதா என்று மறுபடியும் அசைத்துப் பார்த்தார். புதிதாக ஒரு சாக்குக் கோடு கிழிக்கும் பணி எமக்குக் கிடைத்தது. இம்முறை இருவர் வேண்டியிருக்கவில்லை. அவர் ஒருவரே நான்கடிக் குழாயின் நுனியில் கை வைத்து, தம் உடம்பின் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. போல்ட்டு முறிந்ததென்றே அஞ்சினோம். விளக்கைத் தாழ்த்தி நோக்கினால், கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தலையிலும் மறுபாதி சக்கரத்திலும் விரலளவு விலகி நின்றது.

எஞ்சிய வேலை விரைவிலேயே நடந்தது. குறிகளைப் பொருத்திப் பழைய வாரினை நீக்கி, இறுக்கும் உருளையையும் புதிதாக மாட்டி, புதிய வாரினைப் பூட்டினார். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் தண்டைக் கையாலேயே இரு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மீண்டும் ஒன்றுகின்றனவா என்று பார்த்தார். பிழை இருந்தால் கையில் தடை தெரியும், வால்வு வளையாது. பழைய போல்ட்டை மீண்டும் இடவில்லை. ஒரு முறை மிகையாக இழுபட்ட உருக்கு பழைய நீளத்திற்குத் திரும்பாது. அதன் பிடியை நம்புவதற்கில்லை. புதியதன் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. 10 என்பது அறுபடுமுன் அது தாங்கும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் என்பதையும், புள்ளிக்குப் பின்னுள்ள 9 என்பது அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நிலையாக நீளாமல் தாங்கும் என்பதையும் குறிக்கும். இத்தகைய வன்மை மிக்க போல்ட்டுகளைச் செய்யும் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் ஆலை, இதே சாலையில் சென்னைப் பக்கமாக உள்ள பாடியில் 1966 முதல் நடந்து வருகின்றது. நாள்தோறும் பேருந்தில் அவ்வழியே சென்றும், அதன் பொருளை அன்றுவரை யாம் எண்ணியதில்லை.

முறுக்கை அளக்கும் ஸ்பானரில் 140 என்று வைத்து மேஸ்திரியார் இறுக்கினார். 'டக்' என்னும் ஒலி வந்தவுடன் கையை எடுத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் இறுக்கக் கூடாதா?" என்ற சிற்றப்பாவுக்கு, "அடுத்த முறை கழற்றுபவன் என்னைத் திட்டுவான்," என்பதே விடையாயிற்று. மணி எட்டரை. சிற்றப்பா தொலைபேசியை எடுத்தார்.

புறப்படுமுன், எம் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று கூறி ஓர் அட்டையை எம்மிடம் நீட்டினார் மேஸ்திரியார். வார் மாற்றிய நாள், வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், 140 என்னும் எண், 'பிளைவீல் பூட்டு தேவை' என்னும் குறிப்பு ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்தோம். அவ்வட்டை இன்றும் அவ்வண்டியின் பானெட்டின் உட்புறத்தே ஒட்டியிருக்கின்றது.